தோட்டமும் வேலியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ரொஜர் வில்லியம்ஸ் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியானது. 17ஆம் நூற்றாண்டில், மனிதனின் சமய நம்பிக்கையில் அரசு தலையிடக் கூடாது என்று சொன்னதற்காக அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றிலிருந்து துரத்தப்பட்டவர் அவர். பிறகு எல்லாச் சமயத்தவருக்கும் இடம் தரும் ஊர் ஒன்றை உண்டாக்கினார். குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, வரலாறும் சட்டமும் அறிந்த இருவர் இங்கே பதில் எழுதுகிறார்கள்.

தலவாக்கலை, உயர்தர மாணவர்: ஐயா, ஒரு போதகரே அரசையும் சமயத்தையும் பிரிக்கச் சொன்னது எப்படி? அவருக்குக் கடவுள் நம்பிக்கை குறைந்துவிட்டதா?

இல்லை தம்பி, நேர்மாறு. அவருடைய நம்பிக்கை மற்றவர்கள் தாங்க முடியாத அளவுக்குக் கடுமையானது. 1603 அளவில் லண்டனில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே சுருக்கெழுத்துப் பழகி, புகழ்பெற்ற நீதிபதி எட்வர்ட் கோக்கிடம் குறிப்பெழுதினார். 1627இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். 1630 டிசம்பரில் மனைவி மேரியோடு கப்பலேறி 1631 பெப்ரவரியில் மசாசூசெட்ஸ் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தின் கரையில் இறங்கினார். இறங்கியதும் பொஸ்டன் சபை அவருக்கு நல்ல பதவி கொடுக்க முன்வந்தது. அந்தச் சபை இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவை முற்றாக அறுக்கவில்லை என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் கணக்கு இதுதான். நம்பிக்கை உள்ளத்தில் பிறப்பது. அபராதத்துக்கும் சவுக்கடிக்கும் பயந்து மண்டியிடுகிறவன் கும்பிடுவது அதிகாரியை, கடவுளை அல்ல. கட்டாயத்தால் வரும் வழிபாடு கடவுளின் மூக்குக்கு நாற்றம் என்றே எழுதியிருக்கிறார். 1644இல் வந்த நூலொன்றில், சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற காட்டுக்கும் நடுவே வேலி வேண்டும் என்றார். அந்த வேலியில் மனிதர் இடைவெளி திறந்துவிட்டதால்தான் தோட்டமும் காடாகிப்போனது என்பது அவர் வாதம்.

தோட்டம் என்றதும் நமக்குத் தேயிலைமலைதான் நினைவுக்கு வரும். இங்கே லயம் என்ற வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலியில் ஓர் இடம் பிரிந்தால் இரவில் பன்றி இறங்கும். விடியும்போது லீக்ஸும் இல்லை, கரட்டும் இல்லை. காட்டுக்கு ஒரு நட்டமும் கிடையாது, அழிவது தோட்டம்தான். வில்லியம்ஸ் பயந்ததும் தோட்டத்துக்காகத்தான். அரசியலிடமிருந்து சமயத்தைக் காப்பாற்ற வேலி கேட்டவர் அவர்.

பண்டாரவளை, ஆசிரியை: "சமயக் கருத்துக்காக நாடுகடத்தப்பட்டார்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர்மீது சுமத்திய குற்றம் என்ன?

1635 ஒக்டோபரில் மசாசூசெட்ஸ் பொதுமன்றம் அவரை விசாரித்தது. குற்றச்சாட்டுகள் நான்கு. நான்கும் ஒரே தன்மையானவை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

முதலாவது காணி. ஆங்கிலேய அரசன் எழுதிக் கொடுத்த பட்டயத்தால் இந்த மண் நமக்குச் சொந்தமாகாது, பூர்வகுடிகள்தான் உரிமையாளர், அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றார். குடியேற்றத்தின் அடித்தளத்தையே அசைத்த பேச்சு இது. இரண்டாவது சத்தியப்பிரமாணம். ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரிடமும் கடவுள் பெயரால் சத்தியம் வாங்கினார்கள். சத்தியம் செய்வது ஒரு வழிபாடு. நம்பிக்கை இல்லாதவனை அதற்குக் கட்டாயப்படுத்தினால் கடவுளின் பெயரை வீணில் சொல்ல வைக்கிறோம் என்றார். மூன்றாவது, இங்கிலாந்துத் திருச்சபைப் போதகர்களின் பிரசங்கத்தைக் கேட்கவே கூடாது என்றது. இது அவருடைய கண்டிப்பு, சுதந்திர வாதம் அல்ல.

நான்காவதுதான் முக்கியம். அதிகாரியின் கை மனிதனின் உடல், உடைமை, வெளி வாழ்வு இவற்றோடு நின்றுவிட வேண்டும் என்றார். அந்நாளில் பத்துக் கட்டளைகளை இரண்டு பலகையாகப் பிரித்துப் பேசுவார்கள். முதற்பலகை கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ளது. இரண்டாம் பலகை கொலை, களவு, பொய்ச்சாட்சி என்று மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ளது. முதற்பலகையில் அரசுக்கு வேலையில்லை என்றார். வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் ஒரு குழப்பம் வரும். வில்லியம்ஸ் காலத்துப் புரட்டஸ்தாந்தர் எண்ணிக்கையில் முதற்பலகையில் நான்கு கட்டளைகள், கத்தோலிக்க எண்ணிக்கையில் மூன்று. உள்ளடக்கம் ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்டனை, ஆறு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது. அவர் நோயாளியாக இருந்ததால், கருத்தைப் பரப்பாமல் இருந்தால் வசந்தம் வரை தங்கலாம் என்றார்கள். ஆனால் அவர் வீட்டில் ஆட்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். அதனால் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற முடிவு செய்தார்கள். அதை அவருக்கு இரகசியமாக அறிவித்தவர், அவரோடு கருத்து மாறுபட்ட முன்னாள் ஆளுநர் ஜோன் வின்த்ரொப். 1636 ஜனவரியில், கடும் பனியில், தான் குடியிருந்த சேலம் என்ற ஊரிலிருந்து தெற்கே நடந்தார். 14 வாரம் உணவும் படுக்கையும் இன்னதென்று அறியாமல் அலைந்ததாகப் பின்னாளில் எழுதினார். வம்பனோக் மக்களின் தலைவர் மாசசொய்ட் அடைக்கலம் கொடுத்ததால்தான் உயிர் தப்பினார்.

இந்தச் சேலம் நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த சேலம் அல்ல. பைபிளில் வரும் சாலேம் என்ற பெயரை அந்த ஊருக்கு வைத்தார்கள்.

ஹட்டன், தோட்டத் தொழிலாளி: அவர் ஊர் அமைக்கக் காணி கொடுத்தது யார்? உறுதிப் பத்திரம் இருந்ததா? எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக லயத்துக்கு உறுதி இல்லாததால் கேட்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி, ஐயா. இதில் நாம் படிக்க நிறைய இருக்கிறது.

முதலில் சீகொங்க் ஆற்றின் கிழக்குக் கரையில் குடிசை கட்டி விதைத்தார். அந்த இடம் எங்கள் எல்லைக்குள் வருகிறது, மசாசூசெட்ஸ்காரரைப் பகைக்க எங்களுக்கு விருப்பமில்லை, தண்ணீருக்கு அக்கரை போய்விடுங்கள் என்று பிளிமத் குடியேற்றத்திலிருந்து எட்வர்ட் வின்ஸ்லோ எழுதினார். விதைத்த பயிரை விட்டுவிட்டுச் சில தோழர்களோடு ஆற்றைக் கடந்தார். அக்கரையில் நராகன்செட் மக்களின் தலைவர்கள் கனொனிக்கஸ், மியன்டொனொமி இருவரும் இடம் கொடுத்தார்கள். அங்கே எழுந்த ஊருக்கு, கடவுளின் பராமரிப்பு என்று பொருள்படும் புரொவிடன்ஸ் என்ற பெயரை வைத்தார்.

முதலில் எல்லாம் வாய்ச்சொல்தான். 1638 மார்ச்சில் அது எழுத்தானது. கனொனிக்கஸ் ஒரு வில்லையும் மியன்டொனொமி ஓர் அம்பையும் வரைந்து கையொப்பமிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வில்லியம்ஸ் அந்தக் காணியைத் தன்னோடு குடியேறிய 12 பேருக்கும் சமமாகப் பங்கிட்டு, தனக்கு 30 பவுண் மட்டும் கேட்டார். விரும்பியிருந்தால் ஊர் முழுவதையும் தன் பெயரில் வைத்துக்கொண்டு வாடகை வாங்கியிருக்கலாம்.

கோளாறும் அங்கேதான் தொடங்கியது. அந்தப் பங்கீட்டுப் பத்திரத்தில் வாங்கியவர்களின் பெயர்கள் முதலெழுத்துகளாக மட்டுமே இருந்தன. அது போதாதென்று 1639இல் உறுதியோடு ஒரு குறிப்பும் சேர்ந்தது. ஆற்றோரமாக மேலே எல்லையில்லாமல் மாடு மேய்க்கலாம் என்பது அதன் பொருள். அது மேய்ச்சல் உரிமைதான். ஆனால் வில்லியம் ஹரிஸ் என்பவர் அதைக் காட்டி, ஆற்றின் தலைப்பு வரை காணியே எங்களுடையது என்று வழக்குப் போட்டார். பல பத்தாண்டுகள் ஊர் இரண்டுபட்டது. மேய்ச்சல் என்பதற்கும் சொந்தம் என்பதற்கும் நடுவே எழுதாமல் விட்ட ஒரு வரியால் வந்த வினை அது.

ஆகவே வீட்டுக் காணிக்கு உங்களுக்கு ஒரு பத்திரம் தரப்படும்போது பெயரை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். நில அளவைப் படத்தின் இலக்கம், நான்கு பக்க எல்லை, பேர்ச் கணக்கில் பரப்பு ஆகிய மூன்றும் எழுதியிருக்க வேண்டும். அது சொந்தம் தரும் உறுதியா, குடியிருக்க மட்டும் விடும் அனுமதிப் பத்திரமா என்று தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அரசனின் பட்டயம் செல்லாது என்றவர் பிறகு 1643இல் லண்டன் போய்ப் பட்டயம் கேட்டாரே, முரண்பாடில்லையா என்று இன்னொரு கடிதம் கேட்கிறது. 1644இல் அவர் பாராளுமன்றக் குழுவிடம் பெற்றது ஊரை ஆளும் அதிகாரத்துக்கான பத்திரம். காணி உரிமையை அவர் பூர்வகுடிகளிடமே பெற்றிருந்தார்.

நானுஓயா, சபை மூப்பர்: இதற்கு வேதத்தில் ஆதாரம் காட்டினாரா, அல்லது வெறும் அரசியல் நியாயமா?

வேதம்தான் அவருடைய முழு ஆதாரம். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் கோதுமைக்குள் களை முளைத்த உவமை வருகிறதல்லவா? பிடுங்கவா என்று வேலையாட்கள் கேட்க, வேண்டாம், களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுப்பு வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். பொஸ்டன் போதகர் ஜோன் கொட்டன், அந்த நிலம் சபை என்றார். சபைக்குள் இருக்கும் மாய்மாலக்காரரைப் பற்றியது உவமை, வெளியே உள்ள கள்ளப் போதகரை அரசு தண்டிக்கலாம் என்பது அவர் விளக்கம். வில்லியம்ஸ் 38ஆம் வசனத்தைக் காட்டினார். நிலம் உலகம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். உலகத்தில் களை பிடுங்கும் வேலை எந்த அதிகாரிக்கும் கொடுக்கப்படவில்லை.

இளந்தேயிலை நட்ட மலையில் கைதெரியாதவர் புல் பிடுங்கினால் என்ன ஆகும் என்று உங்கள் சபையாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்ரவேலின் அரசர்கள் சிலை வணக்கத்தைத் தண்டித்தார்களே என்பது கொட்டனின் அடுத்த வாதம். இஸ்ரவேல் ஒருமுறை மட்டும் தரப்பட்ட நிழல். கிறிஸ்துவுக்குப் பின் எந்த நாடும் தன்னைப் புதிய இஸ்ரவேல் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது வில்லியம்ஸின் பதில். இதையெல்லாம் 1644இல் லண்டனில் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். சத்தியமும் சமாதானமும் இரு பாத்திரங்களாகப் பேசிக்கொள்ளும் உரையாடல் அது. உள்நாட்டுப் போரால் லண்டனுக்கு நிலக்கரி வராமல் போன காலம். ஏழைகளுக்கு விறகு சேர்க்கும் வேலையில் ஓடித் திரிந்தபடி, கிடைத்த மூலைகளில் உட்கார்ந்து எழுதினார். நூலில் ஆசிரியர் பெயரும் இல்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. அந்த ஓகஸ்ட்டிலேயே அதை எரிக்கும்படி பாராளுமன்றம் கட்டளையிட்டது.

மாத்தளை, வாசகி: இந்தச் சுதந்திரம் எல்லாம் ஆண்களுக்கு மட்டும்தானா?

1638இல் இதே கேள்வி புரொவிடன்ஸ் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது அம்மா. வில்லியம்ஸ் வீட்டில் நடந்த கூட்டங்களுக்குத் தன் மனைவி ஜேன் போகக் கூடாது என்று ஜோஷுவா வெரின் தடுத்தார், அடித்தார். வேதப்படி மனைவி கணவனுக்குக் கீழ்ப்பட்டவள்தானே, அவரைத் தண்டித்தால் அவருடைய மனச்சாட்சியை மீறுகிறோம் என்று ஒருவர் எழுந்து வாதாடினார். ஊர் அதை ஏற்கவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக, மனம் மாறும் வரை வெரினுக்கு வாக்குரிமை இல்லை என்று தீர்மானித்தது.

தீர்மானத்தின் நுட்பத்தைப் பாருங்கள். வெரின் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. அதற்காக அவரை யாரும் தொடவில்லை. மனைவியைத் தடுத்ததற்குத்தான் தண்டனை. ஆனாலும் ஜேனுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. வெரின் அவரையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கே திரும்பிப் போனார். ஊர்த் தீர்மானம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சமய நம்பிக்கைச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் மணமான பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. அடியும் மிரட்டலும் சேர்ந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

மஸ்கெலியா, வாசகர்: அண்ணா, நாங்கள் இரண்டு வருசமாகச் சபைக்குப் போகிறோம். சம்பளத்தில் கோயில் சந்தா இன்னும் பிடிக்கிறார்கள். கேட்டால் ஊரோடு ஒத்துப்போ என்கிறார்கள். இதில் வில்லியம்ஸ் என்ன சொல்லியிருப்பார்?

அவர் மிகத் தெளிவாகச் சொல்லிவைத்த விசயம் இது. மசாசூசெட்ஸில் போதகருக்கான செலவைத் தாமாகக் கொடுக்காதவர்களிடம் வரியாக அறவிடலாம் என்று 1638இல் சட்டம் வந்தது. புரொவிடன்ஸில் அப்படி ஒரு சதம்கூட அறவிடவில்லை. 1652இல் கூலிக்குப் போதிப்பவர்களைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். மனமுவந்து தருவதே காணிக்கை என்பது அவர் கொள்கை. தன் குடும்பத்தை விவசாயத்தாலும், கொகம்ஸ்கசொக் என்ற இடத்திலிருந்த வியாபாரக் கடையாலும் காப்பாற்றினார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சம்பளச் சீட்டை எடுத்து அந்தத் தொகை என்ன பெயரில் கழிக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் கோயில், மரண உதவி, வாசிகசாலை எல்லாம் ஒரே கழிவாகப் போட்டிருப்பார்கள். பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். பிறகு தோட்ட முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம். பெயர், பதிவு இலக்கம், எந்த மாதத்திலிருந்து எந்தக் கழிவுக்குச் சம்மதமில்லை என்ற மூன்றும் போதும். சமயம் மாறிய காரணத்தை விளக்க வேண்டியதில்லை, அது உங்கள் விசயம். பிரதியில் ஒப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி தொழிற்சங்கத் தலைவருக்கும் கொடுங்கள். சம்பளத்திலிருந்து இப்படிக் கழிக்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். அடுத்த சம்பளத்திலும் பிடித்தால் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பலர் நேரே அடிப்படை உரிமை மனுப் போடப் போய் ஏமாறுகிறார்கள். அந்த மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் செல்லும். 1992க்குப் பின் பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகளே நடத்துகின்றன. அங்கே தொழிற்சட்டமே உங்கள் வழி. அரசு அதிகாரி ஒருவர் சமய உரிமையை மீறினால் மட்டும், அது நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஒரு மாதத்தைத் தவறவிடுவதால்தான் நல்ல வழக்குகளும் தோற்கின்றன.

ஒரு வேண்டுகோள். மரண உதவிச் சந்தாவை நிறுத்தாதீர்கள். பிணத்தை எடுக்கவும் பெட்டி வாங்கவும் ஊர் கூடுவது சமயம் பார்த்து அல்ல. புரொவிடன்ஸ் மக்கள் தங்கள் ஒப்பந்தத்தில், "குடிசார் விடயங்களில் மட்டும்" பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்று எழுதினார்கள். அதன் மறுபக்கம், குடிசார் விடயங்களில் கட்டாயம் கட்டுப்படுவோம் என்பது. திருவிழாவுக்குக் காசு கொடுக்காத வீட்டைத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒதுக்குவதும் தவறு, சபைக்குப் போகிறோம் என்று தண்ணீர்ப் பீலி துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு வராமலிருப்பதும் தவறு.

நுவரெலியா, ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்: எல்லோருக்கும் அவரவர் மனச்சாட்சி என்றால் ஊரை எப்படி ஆள்வது? கோயில் ஒலிபெருக்கிப் பிரச்சினை ஒன்றையே தீர்க்க முடியவில்லை.

வில்லியம்ஸே குடியேற்றத்தின் தலைவராக இருந்தபோது அதே தலையிடி வந்தது. குற்றவாளியைத் தண்டிப்பதே சுவிசேஷத்துக்கு விரோதம் என்று சிலர் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். 1655 ஜனவரியில் அவர் ஊருக்கு எழுதிய பதில் சிறியது, ஆனால் அவருடைய எழுத்துகளிலேயே உபயோகமானது அதுதான் என்போம்.

கடலில் ஒரு கப்பல். அதில் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், யூதர், முஸ்லிம்கள் இருக்கிறார்கள். கப்பலில் நடக்கும் பிரார்த்தனைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவரவர் தனியாகச் செய்யும் பிரார்த்தனையைத் தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தலைவன்தான் தீர்மானிப்பான். நீதி, அமைதி, ஒழுங்கு காக்கக் கட்டளையிடுவான். பயணக் கூலி கொடுக்க மறுப்பவனையும், கப்பலைக் காக்கக் கைகொடுக்காதவனையும், கலகம் செய்பவனையும் அவன் தண்டிக்கலாம். கடவுளுக்கு முன் எல்லோரும் சமம், ஆகவே தலைவனே வேண்டாம் என்று பேசுவது சுதந்திரமாகாது.

ஒலிபெருக்கிக்கு இதை அப்படியே வைத்துப் பாருங்கள். என்ன பாட்டு, என்ன மந்திரம், யாருக்குப் பூசை என்பதில் உங்களுக்கு வேலையில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு சத்தம் என்பது கப்பல்தலைவனின் பக்கம். 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றமும் இந்தக் கோட்டைத்தான் போட்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விசேட நிகழ்வென்றால் சுற்றியுள்ளவர்களின் கருத்தறிந்து வரையறுத்த நேரத்துக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கலாம். கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் நான்குக்கும் ஒரே விதி. இதை ஒரு சமயத்துக்குக் கண்டிப்பாகவும் இன்னொன்றுக்குக் கண்டும் காணாமலும் நடைமுறைப்படுத்தினால், சத்தப் பிரச்சினை அன்றைக்கே சமயப் பிரச்சினையாகிவிடும். திருவிழாக் கால அட்டவணையை எல்லா வழிபாட்டிடத்தாரும் மாசத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பகிர்ந்துகொண்டால் பாதி முறைப்பாடு குறையும்.

கண்டி, வாசகர்: அந்தக் காலத்தில் நம் தீவில் இப்படி யாரும் இல்லையா?

கோட்பாடு எழுதியவர் இல்லை. அடைக்கலம் கொடுத்த அரசு ஒன்று உங்கள் ஊரிலேயே இருந்தது. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரைத் துரத்தியபின் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்தார். உளவாளி என்று சந்தேகித்து முதலில் அடைத்து வைத்தார்கள். பிறகு பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சுதந்திரமாகப் போதிக்க விட்டான். 1711இல் கண்டியிலேயே இறந்த அவருக்கு 2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

வேறுபாடு ஒன்று உண்டு. கண்டியில் கிடைத்தது மன்னனின் கருணை. அடுத்த மன்னன் மனம் மாறினால் அதுவும் மாறலாம். புரொவிடன்ஸில் அது ஊரார் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். 1663இல், புரொவிடன்ஸையும் உள்ளடக்கிய றோட் தீவுக் குடியேற்றத்துக்குக் கிடைத்த அரச பட்டயத்தில், சமயக் கருத்து வேறுபாட்டுக்காக ஒருவரையும் தண்டிக்கக் கூடாது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. இன்றைய இலங்கை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. வில்லியம்ஸ் இதை ஏற்றிருக்க மாட்டார். ஆனால் அதே உறுப்புரை மற்றச் சமயங்களுக்கு 10, 14(1)(உ) ஆகியவற்றின் உரிமைகளை உறுதி செய்கிறது. மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கைக்கான 10ஆம் உறுப்புரையைச் சாதாரண சட்டத்தால் மட்டுப்படுத்த முடியாது. அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். வெளியே வழிபடும் உரிமைக்குச் சட்டப்படி வரையறை போடலாம். மனு எழுதும்போது இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பதுளை, வாசகி: அவரிடம் குறையே இல்லையா?

உண்டு, பெரிய குறை. 1676இல் பூர்வகுடிகளோடு நடந்த போரில் புரொவிடன்ஸ் எரிந்தது, அவர் வீடும் எரிந்தது. அதே ஆண்டு, பிடிபட்ட பூர்வகுடிகளை அடிமை வேலைக்கு விற்றுப் பணம் பங்கிட்ட ஊர்க்குழுவில் அவரும் இருந்தார். நராகன்செட் மொழியைக் கற்று, 1643இல் 32 அதிகாரங்களில் அதற்கு நூல் எழுதியவர், பனியில் தன்னைக் காத்த மக்களின் பிள்ளைகள் விற்கப்படுவதற்குத் துணைபோனார். இதற்குச் சமாதானம் சொல்ல எங்களால் முடியாது, சொல்லவும் கூடாது.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அவர் கடுமையாக வெறுத்தார். 1672இல், 70 வயதை நெருங்கும்போது, அவர்களோடு வாதாடுவதற்காகப் பகல் முழுவதும் படகு வலித்து நியூபோர்ட்டுக்குப் போனார். வாதாடிவிட்டுத் திரும்பினார், அவ்வளவுதான். பொஸ்டனில் 1660இல் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். வில்லியம்ஸின் குடியேற்றத்தில் குவேக்கர்கள் ஆளுநர்களாகவே வந்தார்கள்.

லிந்துல, சாதாரண தர மாணவி: பேச்சுப் போட்டிக்கு இவரை எடுத்திருக்கிறேன். எங்கே பிழை விடுவார்கள்?

நல்ல தெரிவு மகள். றோட் தீவு முழுவதையும் அவரே நிறுவினார் என்று சொல்லாதே. அவர் நிறுவியது புரொவிடன்ஸ். போர்ட்ஸ்மத், நியூபோர்ட், வோரிக் ஆகியவற்றை வேறு ஆட்கள் தொடங்கினார்கள். அவர் கடைசி வரை பப்டிஸ்த் என்ற கிறிஸ்தவப் பிரிவில் இருந்தார் என்றும் சொல்லாதே. 1638 அளவில் அங்கே முதலாவது பப்டிஸ்த் சபை தோன்ற உதவினார், சில மாதங்களிலேயே விலகினார். அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1802இல் சமயத்தையும் அரசையும் பற்றி எழுதிய "பிரிக்கும் சுவர்" என்ற சொல்லை இவரிடமிருந்து எடுத்தார் என்று அடித்துச் சொல்லாதே, அதற்குச் சான்று இல்லை. திகதியிலும் கவனம். அன்றைய ஆங்கிலேய நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் அவர் பனியில் நடந்த ஜனவரியைச் சில நூல்களில் 1635 என்று பார்ப்பாய், நம் கணக்கில் அது 1636. மொழிபெயர்ப்பில் சபை என்று வர வேண்டிய இடத்தில் கோயில் என்று போடாதே. அவர் பேசியது கட்டடத்தைப் பற்றி அல்ல, நம்பிக்கையால் சேர்ந்த மனிதர்களைப் பற்றி.

ஐந்து நிமிடப் பேச்சென்றால் பிறப்பு வளர்ப்பை இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கப்பல் கடிதத்துக்கு இரண்டு நிமிடம் கொடு. அவர் 1683இல் இறந்தார். அவரைத் துரத்திய தீர்ப்பை மசாசூசெட்ஸ் 1936இல்தான் இரத்துச் செய்தது. நடுவர்கள் கேள்வி கேட்டால் பெரும்பாலும் அந்த ஆண்டைத்தான் நம்ப மறுப்பார்கள். 1936 என்றே உறுதியாகச் சொல்.